கையிருப்பில் இல்லை

பையை மேலே வைக்க மாட்டேன். மடியிலேயே இருக்கட்டும். இடம் பற்றவில்லை என்றால் காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்ளுங்கள், தம்பி. வள்ளியூர் தாண்டியதும் நான் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் பொறுங்கள்.

தண்ணீரா? இல்லை.

பாட்டில் தெரிகிறதுதான். அது மாத்திரை போட.

ஏரோப்ளேன் ஸ்டாப் தெரியுமா உங்களுக்கு? டிக்கெட் எடுக்கும்போது கல்லூரிப் பெயரைச் சொன்னேன். "ஓ, ஏரோப்ளேன் ஸ்டாப்பா பெரிசு" என்கிறான் கண்டக்டர். பழைய போர் விமானம் ஒன்றைக் கொண்டுவந்து கல்லூரி வாசலில் கான்கிரீட் தூண்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குள் ஊர் அந்த இடத்துக்குப் பெயரே வைத்துவிட்டது. பெயர் வைக்க நம் ஆட்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

அதைப் பார்க்கத்தான் போகிறேன். அதை இல்லை, அதன் கீழே நிற்கப்போகிற ஒருத்தனை. இந்தப் பையில் இருக்கிறதை அவன் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்து, இரண்டு வாக்கியம் சொல்லி, முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். சாப்பிடக்கூட மாட்டேன்.

என்ன சாமான் என்று கேட்கிறீர்கள். முதலில் ஆளைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பெயர் ஏசுவடியான். இந்தப் பக்கத்து ஆள்தான். விமானப்படையில் நானும் அவனும் வடக்கே ஒரே தளத்தில் இருந்தோம். தளத்தின் பெயர் உங்களுக்கு எதற்கு? நான் ஸ்டோர். உதிரிபாகம். அவன் ஹாங்கர், அதாவது விமானம் பழுது பார்க்கிற கொட்டகை. அவன் சாமான் கேட்பான், நான் கொடுப்பேன். இருந்தால் கொடுப்பேன். இல்லையென்றால் சிவப்பு மையில் முத்திரை குத்துவேன். என்.ஏ. நாட் அவைலபிள். கையிருப்பில் இல்லை.

அந்தக் காலத்தில் எல்லாமே என்.ஏ.தான். நம் விமானங்கள் சோவியத் விமானங்கள். அந்த நாடே உடைந்துபோனது. ஒரு தொழிற்சாலை ஒரு நாட்டில், இன்னொன்று வேறு நாட்டில். யாருக்கு எழுதுவது, யார் அனுப்புவார், ஒன்றும் தெரியாது. ஒரு போல்ட் கேட்டாலும் இல்லை. நான் என்ன செய்வேன்? என் வயிற்றிலிருந்து எடுத்தா கொடுக்க முடியும்? குத்தினேன். நாள் முழுக்கக் குத்தினேன். மை தீர்ந்துபோகும், மைக்கும் என்.ஏ. வரும்.

இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒரு நாள் காலைக் கூட்டத்தில் எழுந்து நின்றான். தளத்துத் தலைவர் சி.ஓ. இருக்கிறார், பைலட்டுகள் இருக்கிறார்கள், எல்லோரும் வடக்கத்தி ஆட்கள். "ஏன் இத்தனை விமானம் தரையில் நிற்கிறது?" என்று சி.ஓ. கத்துகிறார். இவன் இந்தியில் சொல்கிறான்:

"சார், கடவுளைக் கேட்டால்கூட என்றைக்காவது ஒருநாள் தருவார். இவரைக் கேட்டால் என்.ஏ.தான். இவர் அழகர்சாமி இல்லை சார். என்.ஏ. சாமி."

சி.ஓ. சிரித்தார். அவர் சிரித்தால் மற்றவன் சும்மா இருப்பானா? கூரை பறந்தது.

அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர், தம்பி. அதை நினைத்துப் பாருங்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் பெயர் குவார்ட்டர்ஸ் வரைக்கும் போய்விட்டது. சைக்கிளில் போனால் பின்னாலிருந்து "என்.ஏ. சாமி ராம் ராம்!" என்பான் ஒருத்தன். பெண்கள் தம்போலா ஆடுகிற இடத்தில் என் மனைவி செண்பகத்தை ஒருத்தி கேட்டாளாம், "உங்க வீட்டுக்காரர் எம்.ஏ.வா, என்.ஏ.வா?" இவள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். என் வீட்டிலேயே! அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. இவனை விடக்கூடாது என்று முடிவு பண்ணினேன். அடிக்கவா முடியும்? அவன் பனைமரம் மாதிரி இருப்பான். ஸ்டோர்க்காரன் ஸ்டோர்க்காரன் மாதிரிதான் அடிக்க வேண்டும். காத்திருந்து.

அவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு விமானம். வால் எண் நாற்பத்தொன்றில் முடியும். பருந்து மோதி மூக்கும் இறக்கையும் கிழிந்து வந்ததை, தலைமையகம் தூக்கிப் போடச் சொன்னதை, இவன் பிடிவாதமாக உட்கார்ந்து சேர்த்தான். தகடு தகடாக. அதைப் பெண்பிள்ளை என்றுதான் பேசுவான். "நாப்பத்தொண்ணு இன்னைக்கு எண்ணெ கக்குதா", "நாப்பத்தொண்ணு கோவமா இருக்கா". பைத்தியம். அந்த வருடம் விமானப்படை நாள் முடிந்ததும் அவனுக்கு ஓய்வு. சி.ஓ. வாக்குக் கொடுத்திருந்தார்: "அன்றைக்கு அணிவகுப்பில் உன் நாற்பத்தொன்று பறக்கும். நீ ஓடுபாதை ஓரத்தில் நின்று கொடி காட்டி அனுப்பு." அதற்காகத்தான் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்தது. ஒன்று தவிர. ஒரு வால்வு. மூக்குச் சக்கரத்தை மடக்கவும் விரிக்கவும் எண்ணெய் போகும் வழியைத் திறந்து மூடுகிற சாமான். உள்ளங்கையில் அடங்கும்.

என்னிடம் இருந்தது.

இதைச் சொல்லவேண்டும் உங்களுக்கு. எந்த ஸ்டோர்க்காரனிடமும் ஒரு பின் அலமாரி இருக்கும். அந்த நாட்டுக்காரன் சாமான் அனுப்பினால் காகிதத்தில் ஒன்று இருக்கும், பெட்டியில் இரண்டு இருக்கும். கூடுதலாக வந்ததைக் கணக்கில் ஏற்றினால் எங்கிருந்து வந்தது என்று ஆயிரம் கேள்வி. ஏற்ற மாட்டோம். பின் அலமாரியில் போடுவோம். எல்லோர் கையும் விரிந்துபோன நேரத்தில், சி.ஓ. தலையில் கை வைத்து உட்காரும்போது, மெதுவாக எடுத்துவந்து மேஜையில் வைப்போம். அன்றைக்கு நாம் ராஜா. இதைத் தப்பு என்று சொல்கிறவன் ஸ்டோரில் வேலை பார்த்திருக்க மாட்டான்.

ஏசுவடியான் கவுண்டருக்கு வந்தான். "அண்ணாச்சி, நாப்பத்தொண்ணுக்கு மூக்கு வால்வு. ஒண்ணே ஒண்ணு. இருக்கா?"

"இல்லை."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

குத்தினேன். சிவப்பு முத்திரை அவன் தாளில் பளிச்சென்று விழுந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

என் திட்டம் என்னவென்று நினைக்கிறீர்கள்? ஒரேயடியாக மறைக்க இல்லை. நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. அவன் அலைய வேண்டும். எல்லாத் தளத்துக்கும் போன் போட்டு, எல்லோரிடமும் கெஞ்சி, கடைசியில் அதே காலைக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் என் பக்கம் திரும்பி, "சாமி, எப்படியாவது கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்டால் அங்கேயே பையிலிருந்து எடுத்து வைத்திருப்பேன். எப்பேர்ப்பட்ட திட்டம்!

அவன் அலைந்தான். எங்கும் இல்லை. ஆனால் என்னிடம் கெஞ்ச வரவில்லை. சி.ஓ.விடம் போய், "ஸ்டோரை நான் ஒருமுறை தேடிப் பார்க்க அனுமதி வேண்டும்" என்று கேட்டான். பின் அலமாரிக் கதை அவனுக்கும் தெரியும். என்ன திமிர் பாருங்கள். என்மேல் சந்தேகம்!

அனுமதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை. நான் சாவிக்கொத்தைத் தூக்கி அவன் முன்னால் போட்டேன். "தேடிக்கொள்." வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், காலடியில் என் டிபன் கேரியர்.

வால்வு கேரியரில் இருந்தது. அடித்தட்டில். மேல்தட்டில் புளிச்சோறு.

சிரிக்காதீர்கள். திருட்டு இல்லை அது, இடமாற்றம். தளத்து வேலியை அது தாண்டவில்லையே.

அவன் தேடினான். ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, ஒவ்வொன்றையும் திறந்து, திருப்பி ஏற்றி. ஜூன் மாதம், தகரக் கூரை. தலையெல்லாம் தூசி, சட்டையெல்லாம் கிரீஸ். பின் அலமாரியையும் பார்த்தான். அங்கே நான் பழைய நாளிதழை அடுக்கி வைத்திருந்தேன். மத்தியானம் வெளியே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, பசிக்கி. கேரியர்ல எனக்கு ஒரு வாய் உண்டா?"

எப்படித் திறப்பேன்? ஒரு தட்டைத் தூக்கினால் எல்லாம் ஆடும். "இல்லை" என்றேன். "காலி. சாப்பிட்டுவிட்டேன்."

அவன் எழுந்து போனான். மெஸ்ஸிலிருந்து பேப்பரில் பூரி சுற்றிக்கொண்டு வந்தான். இரண்டு பொட்டலம். "நீங்களும் சாப்பிட்ட மாதிரி தெரியலியே. சும்மா தின்னுங்க" என்று ஒன்றை என் மடியில் போட்டான். கேரியரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் பொட்டலத்தைப் பிரித்தான். நான் தின்றேன். பசி. அதற்கு என்ன இப்போது?

சாயங்காலம் வரை தேடிவிட்டுப் போனான்.

மறுநாள் காலைக் கூட்டம். இதுதான் முக்கியம், நன்றாகக் கேளுங்கள். இவன் எழுந்தான். அதே இடம். அதே இந்தி. சொல்கிறான்:

"சார், நான் சார்ஜென்ட் அழகர்சாமியை இந்த இடத்தில் கேலி பண்ணினேன். நேற்று அவர் ஸ்டோரை ஒரு மூலை விடாமல் தேடினேன். மற்ற தளத்தில் பதுக்குவார்கள், இவர் பதுக்கவில்லை. இவர் இல்லை என்றால் இல்லைதான். எல்லோர் முன்னாலும் பேசினேன், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்."

என்னைப் பார்த்துக் கைகூப்பினான். சி.ஓ. மேஜையைத் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

எவ்வளவு தந்திரம் பார்த்தீர்களா! என் கையைக் கட்டிப்போட்டுவிட்டான். இனிமேல் நான் எப்படி அதை எடுப்பது? எடுத்தால் முதலில் அவன் சொன்ன கேலி உண்மையாகிவிடாதா? "பார், இருந்ததே" என்பார்களே? கெஞ்சியிருந்தால் கொடுத்திருப்பேன். திட்டியிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் வையுங்களேன். மன்னிப்புக் கேட்டுக் கெடுத்தான். தன் பெண்பிள்ளைக்குத் தானே குழி தோண்டினான். அது என் தப்பா?

செண்பகம் அன்றைக்கு என்ன சொன்னாள் தெரியுமா? "கீழே விழுந்து கிடந்துச்சு, அலமாரிக்குப் பின்னால இருந்துச்சுன்னு சொல்லிக் கொடுத்துருங்களேன்." பெண்களுக்கு எல்லாம் சுலபம். அவன் அலமாரியையே நகர்த்திப் பார்த்தவன். நான் வால்வை அரிசி டின்னுக்குள் போட்டேன். அவள் தினமும் அரிசி எடுக்கும்போது 'ணங்' என்று படி அதில் மோதும். நான் முன்னறையில் காதைப் பொத்திக்கொள்வேன்.

பிறகு நடந்தது தானாக நடந்தது. ஹாங்கரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விமானம் ஏதோ ஒரு சாமானுக்காக நின்றுபோனால், அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்போம். மற்ற விமானங்களுக்கு எது தேவையோ அதை அதிலிருந்து பறித்துக்கொள்ளலாம். ஸ்டோரில் என்.ஏ. குத்தினால் போதும், மரத்தில் ஏறலாம். நாற்பத்தொன்று நின்றது, பறிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தனுக்கு சக்கரம் இல்லை, நான் குத்தினேன், நாற்பத்தொன்றின் சக்கரம் போனது. ஒருத்தனுக்கு மானி இல்லை, குத்தினேன், மானி போனது. அவை நிஜமாகவே இல்லை, தம்பி. பொய் சொன்னது ஒரே ஒரு வால்வுக்குத்தான். மற்றதெல்லாம் சத்தியம். கோயிலில் வைத்துக் கேட்டாலும் சொல்வேன்.

கழற்றுகிற வேலையும் அவனுடையதுதான். தான் மாட்டியதைத் தானே கழற்றினான். இறக்கை மடல், ரேடியோ, பைலட் இருக்கை, கடைசியில் கண்ணாடி மூடி. நான் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு ஹாங்கர் பக்கம் போய்ப் பார்ப்பேன். ஆமாம், பார்க்கத்தான் போவேன். அவன் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அதன் வயிற்றில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பான். அப்புறம் திருகுவான். என்.ஏ. சாமி என்றாயே, இப்போது பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். தித்திப்பாக இருந்தது. முதல் சில தடவை.

விமானப்படை நாள் வந்தது. மற்ற விமானங்கள் எல்லாம் நாற்பத்தொன்றின் சாமானை மாட்டிக்கொண்டு பறந்தன. அவன் ஓடுபாதை ஓரத்தில் நின்றான். கொடி கொடுத்தார்கள், காட்டினான். நான் அவன் முகத்தைப் பார்க்கும்படி முன்னாலேயே போய் நின்றேன். அழுவான் என்று பார்த்தேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒவ்வொரு விமானம் போகும்போதும், "அண்ணாச்சி, அந்தா போறது நம்ம சக்கரம். அது நம்ம ரேடியோ" என்கிறான். எல்லாவற்றிலும் அவள் கொஞ்சம் கொஞ்சம் பறக்கிறாளாம்! பழிவாங்கினவனுக்கு அதைவிட என்ன அவமானம் வேண்டும்?

விடைபெறும்போது கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி, இருந்தா தரமாட்டீயளா?"

அந்த வார்த்தையைச் சொன்னான். என் கையைப் பிடித்துக்கொண்டு.

அதுக்கப்புறம் என்.ஏ. சாமி என்ற பெயர் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஒட்டிக்கொண்டது. எந்தத் தளத்துக்கு மாற்றிப் போனாலும் எனக்கு முன்னால் அது போய்விடும். "சாமி என்.ஏ. என்றால் வேறெங்கும் தேடாதே, நேர்மையான ஆள்." புகழ்கிறார்களாம். எல்லாம் அவன் பண்ணின வேலை.

வால்வா? அதற்குள்ளே ரப்பர் வளையம் உண்டு. ரப்பருக்கு ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்தால் மாட்டக் கூடாது. அது அரிசி டின்னிலேயே முடிந்தது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது அதுவும் சாமான்களோடு வந்தது. ஷோகேஸில் வைத்திருந்தேன். செண்பகத்தின் பீங்கான் மயில் பக்கத்தில். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், மெடல் என்பேன்.

போன வாரம் போன் வந்தது. யாரோ என்று எடுத்தேன்.

"அண்ணாச்சி! ஏசுவடியான் பேசுதேன்! நம்ம நாப்பத்தொண்ணு வந்துட்டா! எங்க ஊருக்கே வந்துட்டா! காலேஜ் வாசல்ல நிக்கா, பெயின்ட் அடிச்சுக் கல்யாணப் பொண்ணு மாதிரி!"

உள்ளே ஒன்றும் கிடையாது, தம்பி. வெறும் கூடு. அதற்கு இந்தக் கத்து. திறப்பு விழா மந்திரி வந்து முடிந்துவிட்டதாம். அது கணக்கில்லையாம், நான் வந்து மாலை போட்டால்தான் கணக்காம். அப்புறம் சொல்கிறான்:

"ஒரே ஒரு குறை அண்ணாச்சி. மூக்குச் சக்கரத்துல அந்த வால்வு இடம் ஓட்டையாக் கெடக்கு. குருவி வந்து கூடு கட்டுது. உங்ககிட்ட பழசு கிழசு ஏதும் கெடக்குமா? ரப்பர் செத்ததுன்னாலும் போதும். சும்மா அடைக்கத்தான்."

என் கண்ணுக்கு நேரே ஷோகேஸ். மயில் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

"இல்லை" என்றேன்.

நான் சொல்லவில்லை. வாய் சொன்னது.

"அதுக்கென்ன அண்ணாச்சி. நீங்க இல்லன்னா இல்லதான். நீங்க வாங்க, அது போதும்."

வாரம் பூராவும் தூக்கமில்லை. இவனை இப்படியே விட்டுவிட்டுச் சாக முடியாது. நான் பழிவாங்கினேன் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது, புரிகிறதா? தெரியாவிட்டால் அது என்ன பழி? ஒருத்தனை அடித்துவிட்டு, அடித்தது யாரென்று அவனுக்குத் தெரியாமல் போனால் அதற்குப் பெயர் அடியா? அதனால்தான் போகிறேன். கையில் வைத்துச் சொல்லப்போகிறேன். 'இருந்தது. நீ தேடினபோது என் கேரியரில் இருந்தது. நீ பூரி வாங்கி வந்தபோது என் காலடியில் இருந்தது.' அப்போது அந்த முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகவே காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

செண்பகம் வாசல் வரை வந்தாள். "குடுத்துட்டு வாங்க. வாயைத் திறக்காம குடுத்துட்டு வாங்க. பழைய இரும்புக் கடையில கெடைச்சதுன்னு சொன்னா நம்புவாரு." நம்புவான். அதுதான் பிரச்சினையே.

என்ன? நானா? நான் ஏன் வருத்தப்படணும்? யார் சொன்னது வருத்தம் என்று? உங்களைக் கதை கேட்கச் சொன்னேனே தவிர, கருத்துக் கேட்டேனா?

வள்ளியூர் போய்விட்டதா? எப்போது? சரி, கொஞ்சம் எழுந்திருங்கள். வழி விடுங்கள்.

அதோ. தெரிகிறது பாருங்கள், புளியமரத்துக்கு மேலே மூக்கு. நாற்பத்தொன்று. வால் எண்ணைக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறான். நன்றாகத்தான் அடித்திருக்கிறான் பெயின்ட்.

கீழே நிற்கிறான். வெள்ளை வேட்டி. குறுகிப்போய்விட்டான், பனைமரம் மாதிரி இருந்தவன். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறான். ஒரு கையில் மாலை. மற்றக் கையில் என்ன அது?

கேரியர்.

டிபன் கேரியர் கொண்டுவந்திருக்கிறான். எனக்கு.

உட்காருங்கள். உட்காருங்கள் தம்பி, வழி வேண்டாம். அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். வெயில். வெயில் அடிக்கிறது என்கிறேன், இறக்குங்கள்.

இப்போது கொடுத்தால் என்ன ஆகும்? ஓட்டையில் கூடு கட்டியிருக்கிறது என்றானே. அடைத்தால் குருவி எங்கே போகும்? அதையும் யோசிக்க வேண்டும் இல்லையா? இன்னொரு நாள் வரலாம். நிற்கட்டும் அவன். அடுத்த பஸ்ஸுக்கும் நிற்கட்டும். சாமானுக்குக் காத்திருந்து பழகினவன்தானே. இதுவும் ஒரு தண்டனைதான். இதுதான் பெரிய தண்டனை. ஆமாம்.

என்னய்யா கண்டக்டர்? கத்தாதே, காது கேட்கிறது. ஏரோப்ளேன் ஸ்டாப் இறங்க ஆள் இருக்கா என்றுதானே கேட்கிறாய்?

இல்லை.